சத்தமில்லாமல் ஓடிய ஆல்பம்

சுனிலின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோர், அவனை முதல் வரியிலேயே சுயாதீன இசைக்கலைஞன் என்று குறிப்பிட்டுவிட வேண்டும். இரண்டாம் வரிக்குத் தள்ளினால் லிஃப்ட் மெக்கானிக் என்கிற உண்மை முந்திக்கொள்ளும். சுயாதீனம் என்கிற அந்தப் பட்டத்தை அவன் எங்கோ படித்துவிட்டு வந்து வீட்டில் அறிவித்தபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவன் அம்மா சந்திரம்மா தலை நிமிராமல் கேட்டார்: "யாரும் உன்ன வேலைக்கு வெச்சுக்கலன்றதுக்கு இப்டி ஒரு பேரா?"

அநியாயமான கேள்வி. சுனிலை வேலைக்கு வைத்திருந்தார்கள். பெங்களூர் ஆடுகோடியில் உள்ள ஒரு லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் அவனுக்குச் சீருடை, கருவிப்பை, எப்போது வேண்டுமானாலும் அடிக்கக்கூடிய ஒரு போன் எல்லாம் உண்டு. ஓசூர் ரோட்டின் கண்ணாடிக் கட்டடங்களில் மேலே போக வேண்டியவர்கள் மேலே போவதும், கீழே அனுப்பப்பட்டவர்கள் கீழே வந்து சேர்வதும் அவன் கையில் இருந்தது. லிஃப்ட் ஓடும் அந்த இருட்டுக் கிணறு நல்ல எதிரொலி உள்ள இடம். அவனுடைய மெட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் பிறந்தன. ஒருமுறை லிஃப்டுக்குள் ஒரு மனிதவளத்துறை அம்மையார் மாட்டிக்கொண்டபோது, அவர் பயப்படாமல் இருக்கட்டும் என்று மேலிருந்து சுனில் பாடினான். "கதவைத் திறக்கிறீங்களா, இல்ல பாட்டை நிறுத்துறீங்களா? ரெண்டுல ஒண்ணு உடனே நடக்கணும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. இதுவே அவன் பாட்டுக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

இசைக்குழுவின் பெயர், பெங்களூர்க் குறுக்குத் தெருப் பாணியில், 'மூணாவது கிராஸ்'. குழு என்பது மரியாதைக்கு. சுனில் கிதாரோடு பாடுவான். லிங்கராஜபுரத்து டென்சில் டிரம்ஸ் வாசிப்பான். டென்சில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் மற்ற நாட்களில் கல்யாண வரவேற்புகளிலும் வாசித்து வாழ்கிறவன். சுனிலோடு வாசிப்பதை அவன் சமூக சேவையாகக் கருதினான்.

சொந்தப் பாட்டு பாடுகிறவனைப் பெங்களூர் அவமதிப்பதில்லை. மேடை தரும், விளக்கு தரும், மேடைக்கு எதிர்ச் சுவரில் கிரிக்கெட் ஓடும் பெரிய திரையையும் தரும். கோரமங்களாவில் பியர் காய்ச்சும் கடை ஒன்றின் மானேஜர் மிகுந்த அன்போடு சுனிலிடம் சொன்னார்: "குரு, ஃபஸ்ட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமாப் பாட்டு எடுத்துக்கோ. உன்னோட ஒரிஜினல் எல்லாம் கடைசில பாடு. ஜனம் பில்லு கட்டி எழுந்திருக்கணும்ல?"

அதனால் சுனிலின் சொந்தப் பாட்டுகள் எல்லாம் நாற்காலி நகரும் சத்தத்துக்கு மேல்தான் பாடப்பட்டு வந்தன. அதில் ஒரு பாட்டு மட்டும் அவனைப் படுத்தியது. பெயர் 'வெளிப்பக்கம்'. அவனுடைய அப்பா உயரமான கட்டடங்களின் வெளியே கயிற்றில் தொங்கி வர்ணம் பூசியவர். வர்ணம் பூசிய எந்தக் கட்டடத்துக்குள்ளும் அவரை விட்டதில்லை. அத்தனை வருஷம் தொங்கியும் விழாமல், கடைசியில் மஞ்சள் காமாலையில் படுத்துப் போய்ச் சேர்ந்தார். அதே கட்டடங்களின் உள்ளே இப்போது மகன் லிஃப்ட் பார்க்கிறான்.

*உள்ள லிஃப்ட்ல நான் ஏறுறேன்,*
*வெளிய கயித்துல நீ எறங்குற,*
*நடுவுல கண்ணாடி.*

பாட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும். மீதியை மெதுவாகப் பாட வேண்டும். மெதுவாகப் பாடுகிற பாட்டை பியர்க் கடையில் பாட முடியாது. மேடையைப் பார்த்து நாற்காலி போட்ட ஒரு அரங்கில், ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, 'வெளிப்பக்கம்' பாட்டை ஒரே ஒரு தடவை முழுதாகப் பாட வேண்டும். சுனிலுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். பணக்கார ஆசை என்று அவனுக்கே தெரியும்.

ஆல்பம் வெளிவந்தது. 'தண்ணி வர்ற நேரம்' என்று பெயர். டென்சிலின் அறையில், ஜன்னலுக்குக் குறுக்கே மெத்தையைச் சாத்திவைத்துப் பதிவு செய்தது. எல்லாப் பாட்டுச் செயலிகளிலும் ஏற்றியாயிற்று. உலகம் முழுவதும் கேட்கலாம் என்று சுனில் சொன்னான். உலகம் முழுவதும் கேட்காமல் இருந்தது.

இந்த நிலையில்தான் அஷ்வின் வந்தான். கோயம்புத்தூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்து, சனி ஞாயிறுகளில் இசையை வாழவைக்கிறவன். ஒரு குளிர்பானக் கம்பெனியின் ஆதரவில் ஐந்து ஊர்ச் சுற்றுப்பயணம் ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். கடைசி ஊர் பெங்களூர். கடைசி நிகழ்ச்சி நிஜமான அரங்கில்.

"நாற்காலி இருக்குமா?" என்று சுனில் கேட்டான்.

"குஷன் வெச்சதுங்க ப்ரோ."

"மேடையப் பாத்து?"

"வேற எதைப் பாத்துங்க போடுவாங்க?" அஷ்வின் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "உங்க பாட்டு எனக்குப் பர்சனலா ரொம்பப் புடிக்கும். ஆனா ஸ்பான்சர் பாட்டு கேக்க மாட்டாங்க, நம்பர்தான் கேப்பாங்க. இந்த மாசம் பாட்டு ஓடற எண்ணிக்கை இந்தக் கோட்டத் தாண்டட்டும். நீங்கதான் நம்ம ஃபினாலே."

அந்தக் கோடு, சுனிலின் எண்ணிக்கையிலிருந்து பார்த்தால், விதான சௌதாவின் உச்சி போலத் தெரிந்தது.

அன்று சாப்பாட்டின்போது அவன் வீட்டில் விஷயத்தைச் சொன்னான். ஆஸ்டின் டவுனில் ஒன்றரை அறை வீடு. மனைவி ரூபினி ஒரு பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருப்பவள். அன்று சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். சந்திரம்மா ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யாரு கேக்கணும்?" என்றார் சந்திரம்மா.

"யாரு வேணா கேக்கலாம். நம்பர் ஏறணும். அவ்ளோதான்."

"ஒரு ஆளு ஒரு வாட்டிதான் கேக்கணுமா?"

"எத்தன வாட்டி வேணா கேக்கலாம்மா."

"ஒவ்வொரு வாட்டியும் எண்ணுவானா?"

"எண்ணுவான்."

சந்திரம்மா பிசைவதை நிறுத்தினார். ஓர் ஆள் எத்தனை ஓட்டு வேண்டுமானாலும் போடலாம் என்கிற தேர்தலை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை.

இங்கே சந்திரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் ஓட்டு நாளன்று வீடு வீடாகப் போய் ஆட்களைக் கிளப்பி, ஆட்டோவில் ஏற்றி, சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்தான். எந்தக் கட்சி என்பது பொருட்டல்ல. 'யாருக்கு வேணா போடு, போடாம மட்டும் வராத' என்பது அவருடைய அரசியல் தத்துவம். கார்ப்பரேஷன் தேர்தல் வருஷக்கணக்காக நடக்காமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததால், இந்தப் பெரும் திறமை துருப்பிடித்துக் கிடந்தது. இடையில் ஒரு டிவி நடனப் போட்டியில் பக்கத்துத் தெரு ஃபாத்திமாவின் மகள் காலிறுதி வரை போனாள். அது அவள் காலால் மட்டும் நடந்ததல்ல என்பது தெருவுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சந்திரம்மா தம் தம்பி சின்னப்பாவின் கடைக்குப் போனார். சின்னப்பா பழைய மொபைல்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர். கடையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதில் அடுக்கடுக்காகப் போன்கள், ஒவ்வொன்றின் வாலிலும் சார்ஜர்.

"இதுங்க எல்லாம் சும்மாதானே குந்தினுகிது?" என்றார் சந்திரம்மா.

"விக்கிற வரைக்கும் சும்மாதான்க்கா."

"நம்ம பையன் பாட்டப் போடு. எல்லாத்துலயும்."

சின்னப்பா ஒரு தொழில்நுட்ப வல்லுநர். ஒவ்வொரு போனுக்கும் ஓர் ஆள் பெயரில் கணக்கு வேண்டும் என்று அவர் விளக்க, சந்திரம்மா விரல் மடக்கித் தெருவைச் சொல்லத் தொடங்கினார். முதல் வீடு, இரண்டாம் வீடு, மாடி வீடு, இஸ்திரி வண்டிக்காரர். முனியம்மா பெயர் வந்ததும் சின்னப்பா கையை எடுத்துவிட்டார்.

"அது செத்துப்பூடுச்சேக்கா."

"உசுரோட இருந்தா நம்ம பையனுக்குப் போட மாட்டேன்னா சொல்லியிருப்பா? எழுது."

"சத்தம் வெக்கணுமா?"

"இன்னாத்துக்கு? கஸ்டமர் வந்து போற எடம். கம்முனு ஓடட்டும்."

தெருவிலும் ஏற்பாடு நடந்தது. அரிசி டப்பாவின் மேல், டிவியின் பின்னால், தலையணைக்கு அடியில் எனப் போன்கள் சத்தத்தை விழுங்கிக்கொண்டு பாடின. "சீரியல் நேரத்துல வேணாம்க்கா" என்று தயங்கிய ஃபாத்திமாவிடம், "சத்தம் கொறச்சு வெச்சுக்கோ, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு, கொஞ்சம் பொறுத்துக்கோ. ஒம் பொண்ணு ஆடறப்ப நாங்க அட்ஜஸ்ட் பண்ணல?" என்றார் சந்திரம்மா. ஃபாத்திமா போனை எடுத்து டிவியின் பின்னால் வைத்தாள். "பையன்கிட்ட மட்டும் யாரும் சொல்லாதீங்க, கூச்சப்படுவான்" என்பது பொது உத்தரவு.

இந்தப் பிரசாரத்துக்கு ஒரு நுணுக்கத்தைச் சேர்த்தவர் சின்னப்பா. நீளமான பாட்டு ஓடி முடிய நேரம் பிடிக்கிறது, குட்டிப் பாட்டாகப் போட்டால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும் என்று கண்டுபிடித்தார். ஆல்பத்திலேயே குட்டியானது 'குடம்'. அது பாட்டே அல்ல. பதிவு நடந்த நாளில் வாசலில் கார்ப்பரேஷன் தண்ணீர் வந்தபோது, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க டென்சில் வெளியே நீட்ட, பிளாஸ்டிக் குடம் நிரம்பும் சத்தம் பதிவாகிவிட்டது. நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்திருந்தார்கள். சின்னப்பா அலமாரி முழுவதும் அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

எண்ணிக்கை ஏறியது. கோட்டைத் தொட்டது, தாண்டியது.

சுனிலைப் பார்க்க வேண்டுமே. லிஃப்டில் நிற்கும்போது, காதில் கருவி மாட்டிய யாரைப் பார்த்தாலும், ஒருவேளை என்று நினைத்தான். பஸ்ஸில் ஒருவன் ஜன்னல் வழியே பார்த்தபடி லேசாகத் தலையாட்டினால் இவனும் கூடவே தலையாட்டினான். செயலியில் ஊர்வாரியாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் கேட்கிறவர்கள் அத்தனை பேரும் பெங்களூர். சென்னையில் பாடினால் இவன் தமிழைத் தமிழ் இல்லை என்கிறார்கள், பெங்களூரில் பாடினால் தமிழா என்கிறார்கள். இப்போது பெங்களூரே கேட்கிறது. முகச்சவரம் ஒழுங்காகச் செய்துகொள்ள ஆரம்பித்தான். ரூபினிக்கு விஷயம் முழுதும் தெரியும். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி வேண்டுமா என்று கேட்டு முடித்துக்கொண்டாள்.

அஷ்வின் பரவசப்பட்டான். "இந்த ஊரு மொத்தமும் உங்க பாக்கெட்லங்க ப்ரோ. அதுலயும் அந்த 'குடம்'! தண்ணிப் பஞ்சம் புடிச்ச ஊரோட மனசாட்சியே அதுதாங்க." நீண்ட கட்டுரை ஒன்றையும் இணையத்தில் எழுதினான். குடம் நிரம்பும் ஓசையில் நகரத்தின் ஏக்கம் எப்படி ஒலிக்கிறது, கடைசியில் நீர் வழியும் தருணம் எப்படி ஒரு தலைமுறையின் அழுகையாகிறது என்றெல்லாம் விளக்கியிருந்தான். சுற்றுப்பயணச் சுவரொட்டியில் சுனிலின் முகம் இல்லை. நீல நிறக் குடம் இருந்தது.

'வெளிப்பக்கம்' பாட்டை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று சுனில் பார்த்தான். அந்த எண் முன்பு எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. பரவாயில்லை, அரங்கில் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

சுற்றுப்பயணத்தைச் சுருக்கமாகச் சொல்வதே அதற்குச் செய்யும் மரியாதை. ஐதராபாத்தில் மழை. கொச்சியில் அரங்கு நிரம்பியிருந்தது, ஆனால் அது பக்கத்து ஹாலின் கல்யாணக் கூட்டம், மழைக்கு ஒதுங்கியது. கோயம்புத்தூரில் அஷ்வினின் சொந்தக்காரர்கள் வந்து அஷ்வினைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சென்னையில் ஒரு காப்பிக்கடை மாடி. சமையற்காரர் உட்படச் சிலர் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பெண் வந்து, "சூப்பரா இருந்துச்சுண்ணா, நீங்க தெலுங்கா?" என்றாள்.

"விடு மச்சான்," என்றான் டென்சில், டிரம்ஸைப் பையில் அடைத்தபடி. "நாளைக்கழிச்சு நம்ம ஊரு. நம்ம ஜனம்."

ஒவ்வொரு ஊரிலும் சுனில் 'வெளிப்பக்கம்' பாடாமல் வைத்துக்கொண்டான். பெங்களூருக்காக.

வாடகை வேனில் திரும்பும்போது, பெங்களூருக்குச் சற்று முன்னால், அத்திபெலேயில் டீக்கு நிறுத்தினார்கள். சாயங்காலம். லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டென்சில் போனைப் பார்த்துக்கொண்டே வந்து, டீயை வாங்காமல் நின்றான்.

"சுனிலு. ஆல்பம் காணோம்டா."

"நெட்டு இல்லாம இருக்கும்."

"நெட்டு ஐத்தே, நல்லாத்தான் ஓடுது. மத்தவங்க பாட்டெல்லாம் இருக்குது. நம்மளுது மட்டும் காணோம்."

சுனிலின் மின்னஞ்சலில் தகவல் காத்திருந்தது. பாட்டு ஓடிய எண்ணிக்கை செயற்கையாகக் கூட்டப்பட்டிருப்பதால் ஆல்பம் நீக்கப்படுகிறது, இந்த அஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம். எழுதியது மனிதன் இல்லை என்பதால் திட்டவும் வழியில்லை.

டென்சில் அவனை ஒரு மாதிரி பார்த்தான். "காசு குடுத்து நம்பர் வாங்குனியா?"

"நக்கோடா! எங்கப்பா மேல சத்தியமா இல்ல."

அதற்குள் அஷ்வின் போன். "என்னங்க ப்ரோ இப்படிப் பண்ணீட்டீங்க? விசாரிச்சேன். மொத்தக் கூட்டமும் ஒரே எடத்துல இருந்து கேட்டிருக்குது. ஒரே டிராக்கு. ராப்பகலா. உங்க ஃபேன்ஸ் தூங்கக்கூட இல்லீங்க. ஸ்பான்சர் என்னைக் கேள்வி கேக்கறாங்க, நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

"ஹால் இருக்குல்ல?" என்றான் சுனில். அவனுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கம் ஸ்பான்சர் புலம்பலே மறுபடி ஓடியது. பிறகு, "நாளைக்குச் சொல்றேங்க" என்று அஷ்வின் வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கிதாரை இறக்கிவைக்காமலேயே சுனில் எல்லாவற்றையும் ரூபினியிடம் கொட்டினான். ஒரே இடத்திலிருந்து என்று அவன் சொன்னபோது அவள் முகம் மாறியது. "சின்னப்பா மாமா கடைக்குப் போ," என்றாள். "அத்தையும் அங்கதான் இருக்காங்க." அவன் கிதாரோடு அப்படியே கிளம்பினான்.

கடையில் சுவர் முழுக்கப் போன்கள் எரிந்துகொண்டிருந்தன. அத்தனையிலும் அவனுடைய ஆல்பத்தின் அட்டைப் படம் மட்டும் சாம்பல் நிறமாகி நின்றது. சின்னப்பா ஏணியில் ஏறி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஸ்டூலில் சந்திரம்மா.

"வாடா, நீயே வந்துட்ட," என்றார் சந்திரம்மா. "காலைலேர்ந்து ஓட மாட்டேங்குது. உங்க மாமாவுக்கு ஒண்ணும் தெரியல. நீயாச்சும் பாரு."

சுனில் அலமாரியைப் பார்த்தபடி நின்றான். ஐதராபாத்திலும் கொச்சியிலும் நின்றது போலவே நின்றான். இவ்வளவு பெரிய கூட்டத்தை அவன் எங்கும் பார்த்ததில்லை.

"எத்தினி நாளா?"

"நீ சோறு துன்னும்போது சொன்னியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. ஒரு நாள் நிறுத்தலையே! கரண்டு போனாகூட மாமா பேட்டரி வெச்சாரு."

"மருமகனே, 'குடம்' நம்ம ஐடியா," என்று ஏணியிலிருந்து சின்னப்பா சொன்னார்.

"அம்மா, இது தப்புமா. இதனாலதான் தூக்கிட்டானுங்க. ஆல்பமே போச்சு."

சந்திரம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் வந்தது. "நான் இன்னா கள்ள ஓட்டா போட்டேன்? எல்லாம் நம்ம ஜனம்டா! எந்த ஆபீசுல குந்தினுகிறான் அவன்? நான் வந்து பேசுறேன். ஆதார் கார்டு எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்தாரேன், எண்ணிப் பாத்துக்கட்டும்."

"முனியம்மாக்கு மட்டும் எடுக்க முடியாதுக்கா," என்றார் சின்னப்பா.

"ஆபீசே கிடையாதும்மா," என்றான் சுனில்.

ஆபீஸ் இல்லாத அதிகாரத்தைச் சந்திரம்மா அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார். எந்த வாசலில் போய் உட்காருவது என்று தெரியாமல், கடையின் வாசலையே பார்த்தார்.

சுனில் குரலைத் தணித்து, "நீ கேட்டியாமா?" என்றான்.

"இன்னாத்த?"

"பாட்ட. ஒண்ணாவது. அப்பா மேல ஒண்ணு பாடியிருந்தேன்."

"அவரப் பத்தியா?" சந்திரம்மா நிமிர்ந்தார். "அதுல இன்னா பாடியிருக்க?"

சுனில் பக்கத்திலிருந்த ஒரு போனில் 'வெளிப்பக்கம்' என்ற பெயரைத் தட்டினான், ஓடவில்லை.

"எங்கடா நேரம்," என்றார் சந்திரம்மா, தம்மைத்தாமே சமாதானம் செய்கிற குரலில். "உம் பாட்டப் போட்டு வுடறதுக்கே நேரம் பத்தல. வீட்டு வீட்டுக்குப் போயி நின்னுச்சா, ஓடுதான்னு பாக்கணும். காலு ரெண்டும் வீங்கிப்போச்சு பாரு." புடவையைச் சற்றுத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். நிஜமாகவே வீங்கியிருந்தது.

மறுநாள் அஷ்வின் போன் செய்யவில்லை. இணையத்தில் அறிக்கை வெளியிட்டான். கலையில் நேர்மையே முதன்மை என்றும், மோசடி எண்களால் தானும் ஏமாற்றப்பட்டதாகவும், இறுதி நிகழ்ச்சி ரத்து என்றும் அதில் இருந்தது. குடத்தைப் பற்றிய கட்டுரை சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்தது. குஷன் வைத்த நாற்காலிகளில் அன்று வேறொரு கம்பெனியின் பங்குதாரர்கள் உட்கார்ந்தார்கள் என்று கேள்வி. டென்சில் சண்டை போடவில்லை. "மச்சான், கல்யாண சீசன் ஆரம்பிக்குது," என்றான். அதன் பிறகு சீசன் முடியவேயில்லை.

'மூணாவது கிராஸ்' என்ற பெயரில் இனி எதை ஏற்றினாலும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். எனவே சுனில் இன்னொரு பெயரை வைத்துக்கொண்டான். அந்தப் பெயரை இங்கே சொல்ல முடியாது, சொன்னால் ஆஸ்டின் டவுனுக்குத் தெரிந்துவிடும். கிதார் மட்டும் வைத்து, மெதுவாக, 'வெளிப்பக்கம்' பாட்டை மறுபடி பதிவு செய்து ஏற்றினான். யாருக்கும் தெரியாமல் திருடுகிறவர்கள் உண்டு, குடிக்கிறவர்கள் உண்டு. யாருக்கும் தெரியாமல் பாட்டு வெளியிட்டவன் அந்தத் தெருவில் இவன் ஒருவனே. ரூபினிக்கு மட்டும் சொன்னான். ஒரு நாளைக்கு ஒருமுறைதான் கேட்க வேண்டும், அதுவும் சத்தம் வைத்து, என்று நிபந்தனை போட்டான்.

வீட்டில், "புதுப் பாட்டு எப்போடா?" என்று சந்திரம்மா கேட்டால், "விட்டுட்டேம்மா" என்பான். முதலில் அவர் நம்பவில்லை. ஒரு மாதத்துக்கெல்லாம் நம்பினார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். தெருவில் யாராவது, "பையன் பாட்டு எப்டிப் போவுது?" என்று விசாரித்தால் பேச்சை மாற்றி அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் கனெக்‌ஷன் பற்றிக் கேட்டார். வார்டு தேர்தல் வரப்போகிறது என்று மறுபடி பேச்சு அடிபட்டபோது, ஒரு கட்சிக்காரர் வீடு தேடி வந்தார். "எனக்கு ஒடம்பு முடியல, வேற யாரையாச்சும் பாரு தம்பி" என்று அனுப்பிவிட்டார். ஆஸ்டின் டவுன் அரசியலில் இது ஒரு சகாப்தத்தின் முடிவு. யாரும் இரங்கல் தெரிவிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனதென்று சுனில் ஓடியிருந்தான். ரூபினி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டு, ஒரு காதில் மட்டும் கருவி மாட்டி அன்றைய ஒருமுறையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொன்று தோளில் தொங்கியது. சந்திரம்மா அம்மியின் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கேக்குற?"

"யாரோ புதுசா ஒருத்தன் அத்தே. சும்மா."

"குடு பாப்போம்." பொழுது போகாமல்தான் கேட்டார். பூண்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிக் காதில் வைத்தார்.

ரூபினி மீனை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். தடுக்க வேண்டுமா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாட்டு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. சந்திரம்மாவின் முகத்தில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு உரித்த பூண்டு ஒன்று விரலிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. எடுக்கவில்லை. உதடு மட்டும் "கயித்துல" என்று அசைந்தது.

சட்டென்று காதிலிருந்து பிடுங்கி, நெருப்பைத் தொட்டவர் போல ரூபினியிடம் நீட்டினார்.

"எடு, எடு. நிறுத்தாத, நீ கேளு. நான் கேக்கல."

"ஏன் அத்தே? முழுசா கேளுங்க. இன்னும் கொஞ்சம்தான்."

"வோணாம்மா. நான் கேட்டு அதுக்கு எதுனா ஆயிடப் போவுது."

ரூபினி அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். அதற்குள்ளிருந்து மெல்லிசாகப் பாட்டு கசிந்துகொண்டிருந்தது, வார்த்தை புரியாத அளவுக்கு. சந்திரம்மா முறத்தை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.